வெறுங்கல்லில் வந்த தங்கம்

கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் அந்தச் சோதனைக்கூடத்தில், முக்கியமான மூன்று அறைகளையும் ஒரே வீட்டுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். சுரங்கத்திலிருந்து வரும் கல்லை உடைத்து மாவாக அரைப்பவர் கணவர். அந்த மாவை உலையில் உருக்குபவள் மனைவி. கடைசியில் மிஞ்சும் தங்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நிறுப்பவள் கணவரின் தங்கை. கூட வேலை பார்ப்பவர்கள் இவர்களுக்குப் புழுதி, உலை, தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இப்போது அந்த மூவரும் வீட்டிலேயே ஒருவரை ஒருவர் அப்படித்தான் கிண்டல் செய்துகொள்கிறார்கள்.

உலைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நெருப்பின் முன்னால் நின்று நின்று முன்கை முடியெல்லாம் பொசுங்கி, புருவமும் பாதிதான் மிச்சம். வாய் கொஞ்சம் நீளம். மனசு பெரிய மனசுதான், ஆனால் வாய்தான் எப்போதும் முந்திக்கொண்டு போய் நிற்கும்.

அவள் வேலையைப் பார்க்கிறவர்களுக்கு அது பாதி சமையல், பாதி கொல்லன் பட்டறை. கல்மாவோடு ஈயப்பொடி, சோடா, வெண்காரம் சேர்ப்பாள். ஒரு கரண்டி சமையல் மாவும் போடுவாள். மூசை என்கிற மண் குவளையில் எல்லாவற்றையும் கொட்டி உலைக்குள் தள்ளுவாள். ஈயம் உருகி அடியில் இறங்கும்போது, கல்லுக்குள் ஒளிந்திருக்கும் தங்கத்தையும் வெள்ளியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை அழைத்துப்போகும் தாயைப்போல. ஆறியதும் மேலே கண்ணாடியாக உறைந்த கசடைச் சுத்தியலால் தட்டி எறிந்துவிட்டு, ஈயக் கட்டியைச் சாம்பலால் செய்த ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி உலையில் ஏற்றுவாள். கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிடும். கடைசிச் சொட்டு ஈயமும் போகிற நொடியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வெட்டும். கிண்ணத்தின் நடுவில் கடுகைவிடச் சிறியதாக ஒரு மணி உட்கார்ந்திருக்கும். அமிலத்தில் போட்டால் மணியிலுள்ள வெள்ளி கரைந்துவிடும். மிஞ்சுவது தங்கம். இத்தனை வருஷத்தில் அந்த வெளிச்சத்தை ஒரு தடவைகூட அவள் அலுத்துப்போய்ப் பார்த்ததில்லை.

நாள் முழுக்கத் தங்கத்தோடு புழங்கினாலும் அவள் உடம்பில் ஒரு குண்டுமணி தங்கம் கிடையாது. அது அந்த இடத்தின் சட்டம். லாரி நிறைய கல்லில் ஒரு சிட்டிகைத் தங்கம் இருக்கிறதா என்று தேடுகிற இடத்தில், மோதிரம் ஒரு தடவை உரசினால் போதும், கணக்கெல்லாம் குட்டிச்சுவர். அதனால் வாசலிலேயே எல்லா நகையையும் கழற்றி வைத்துவிட வேண்டும். உலை தன் கல்யாண மோதிரத்தைக் காலையில் வாசலில் கழற்றி மாலையில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அதுவும் இல்லை. கேட்டால், தினமும் கழற்றி மாட்டுவது தொல்லை, அலமாரியிலேயே கிடக்கட்டும் என்பாள்.

தராசுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. சின்ன வயதில் குத்திய மூக்குத்தியின் திருகு இறுகிப்போய்விட்டது. கழற்றவே முடியாது. வேலையில் சேர்ந்த நாளில் தலைமை கெமிஸ்ட் அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிளாஸ்திரி போட்டு மூடிக்கொண்டு வேலை பார்க்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மூக்கில் ஒட்டிய பிளாஸ்திரியோடுதான் அவள் தராசின் முன் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாற்காலிமேல் அவளுக்கு உயிர். கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, முள் நிலைக்கு வரும்வரை காத்திருக்கும் அந்த அமைதியைப்போல் உலகத்தில் வேறு சுகம் இல்லை என்பாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். சமையல் கீழே, சண்டையும் கீழே.

இனிமேல்தான் சங்கதி. ஒவ்வொரு தொகுதிக் கல்லோடும் ஒரு வெறுங்கல் போகும். தங்கம் துளிக்கூட இல்லாத வெள்ளைக் கல் அது. மற்ற கற்களைப்போலவே அதையும் உடைத்து, அரைத்து, உருக்கி, நிறுக்க வேண்டும். முடிவில் பூஜ்யம் வரவேண்டும். வந்தால் மூன்று அறையும் சுத்தம் என்று அர்த்தம். எத்தனையோ வருஷமாகப் பூஜ்யம் வந்துகொண்டிருந்த அந்த வெறுங்கல்லில் திடீரென்று ஒருநாள் தங்கம் வந்தது.

கொஞ்சம்தான். ஆனால் இல்லாத இடத்தில் கொஞ்சம் வந்தாலும் அது பெரிய விஷயம். அடுத்த தொகுதியிலும் வந்தது. அதற்கடுத்ததில் இன்னும் அதிகமாக வந்தது. சுரங்கக்காரர்களுக்கு விஷயம் போனதும், உள்ளே யார் தங்கத்தோடு இருந்தது என்று கேட்டார்கள். தலைமை கெமிஸ்ட் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனுஷர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அன்றைக்குத் துடைத்துக்கொண்டே இருந்தார். பழைய மூசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறீர்களா, உலைப்பக்கம் ஏதாவது கோளாறா என்றுதான் முதலில் கேட்டார்.

தன் உலையைப் பற்றி ஒரு சொல் வந்ததும் உலைக்குச் சுருக்கென்றது.

"என் உலை சுத்தமா இருக்கு சார். மூக்குல தங்கத்தை வச்சுக்கிட்டு தராசு முன்னால குனிஞ்சு உக்காந்தா, வேற எப்படி வரும்?"

சொல்லி வாயை மூடுவதற்குள் தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வந்ததுதான். கண்ணாடித் துடைப்பு நின்றது. புழுதி தரையைப் பார்த்தார். தராசு யாரையும் பார்க்கவில்லை.

சலுகை கொடுத்தது தாமே என்பதால் தலைமை கெமிஸ்டுக்கு வேறு வழி தெரியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து தராசு முன்னறைக்குப் போய்க் கல் சாக்குகளை எண்ணி வாங்கி வைக்க வேண்டும், நிறுப்பதற்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வருவார் என்றார். குரல் கம்மித்தான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார். அவள் சரி சார் என்று எழுந்து போனாள்.

அன்று சாயங்காலமே அவள் கண்ணாடி முன் நின்று கம்பி வெட்டும் குறடால் மூக்குத்தியை வெட்டி எடுத்தாள். தலைப்பகுதி தெறித்துக் கழுவுதொட்டி ஓட்டைக்குள் போய்விட்டது. துளை தூர்ந்துவிடாமலிருக்க மூக்கில் ஒரு துண்டு நைலான் நரம்பைச் செருகிக்கொண்டு சாப்பிட வந்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம், ஏதோ ஜன்னலைச் சாத்திய வீடு மாதிரி இருந்தது.

"அண்ணா, அவங்ககிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றாள்.

உப்பு உலையின் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நேராகக் கேட்டிருக்கலாம். 'அண்ணி' என்ற சொல் அந்த வீட்டிலிருந்து அன்றோடு காணாமல் போயிற்று. அண்ணி என்றால் உலை, அண்ணி என்றால் சண்டைக்காரி, அண்ணி என்றால் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள். எல்லாம் போய் வெறும் 'அவங்க' ஆயிற்று. உலை உப்பைத் தானே தள்ளி வைத்தாள்.

மூக்குத்தி போன பிறகாவது வெறுங்கல் பூஜ்யம் காட்டும், தான் சொன்னது சரியென்றாவது ஆகும் என்று ஒரு அற்ப ஆசை அவளுக்கு இருந்தது. அதுவும் நடக்கவில்லை. மறுநாளும் தங்கம் வந்தது. ஏற்கெனவே அந்த அறையில் படிந்த தூசாக இருக்கும் என்றார் தலைமை கெமிஸ்ட். திங்கட்கிழமை அப்படியே இருந்தது.

உலைக்கு மனசு கேட்கவில்லை. வாய் கெடுத்ததைக் கைதான் சரிசெய்ய வேண்டும் என்று இறங்கினாள். முதலில் கல்லே போடாமல் வெறும் ஈயப்பொடியும் சமையல் மாவும் மட்டும் உருக்கினாள். பூஜ்யம். உலை சுத்தம். பிறகு ஒரு வெள்ளைக் கல்லை அரைக்கும் அறைக்கே அனுப்பாமல், கையளவுக் கல்லுரலில் தானே உட்கார்ந்து இடித்து மாவாக்கினாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. அதை உருக்கி, அமிலத்தில் போட்டு, தராசு அறைக்கு அனுப்பினாள். அதே தட்டில், அதே இடுக்கியால், வெளியிலிருந்து வந்த அதே ஆள் நிறுத்தார். அதுவும் பூஜ்யம்.

அப்படியானால் தராசு அறையும் சுத்தம். மூக்குத்தி ஒரு பாவமும் அறியாது. அதை உடனே போய் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டியவள், இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள். மூன்று அறையில் இரண்டு சுத்தமென்றால் மிஞ்சுவது எது என்று கணக்குப் போட அவளுக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. அரவை அறைக்காரர் அவள் புருஷன்.

புழுதியைவிட ஒழுங்கான ஆளை அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் அரவைப் பாத்திரத்தைத் துடைத்து, ஊதி, தூரிகையால் கூட்டி, நகக்கண்ணில் ஒட்டியதைக்கூடத் தட்டிவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவார். வீட்டில் துண்டை நாற்காலியில் போடுவதற்காக அவள் திட்டும்போதெல்லாம், உங்க அரவைப் பாத்திரத்துக்குப் பண்றதுல பாதியாவது வீட்டுக்குப் பண்ணுங்க என்பாள். அந்த மனுஷன் அறையிலா?

மதியம் அவர் டீ குடிக்கப் போனபோது உள்ளே நுழைந்தாள். சொந்தப் புருஷன் அறைக்குள் திருடியைப்போல நுழைய வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. பாத்திரம் பளிச்சென்று இருந்தது. மேசை துடைத்திருந்தது. கூட்டுகிற தூரிகையை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் தட்டினாள். உதிர்ந்த பொடியை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தாள்.

கல்லிலிருந்து வரும் தங்கம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மங்கலாக, நசுங்கிய மணல் மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. பளபளவென்று, மெல்லிசாக, சுருண்டு சுருண்டு கிடந்தது. பென்சில் சீவினால் விழுமே, அந்த மாதிரிச் சுருள். யாரோ நகையை அரத்தால் ராவியிருக்கிறார்கள். அவர் மேசை ஓரத்தில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பொறியையும் அதன் பக்கத்தில் கிடந்த உருண்டை அரத்தையும் அவள் கண் பார்த்திருந்தது, மூளைதான் இப்போது பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அலமாரியைத் திறந்தாள். மோதிரப் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. உள்ளே மோதிரம் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தலைக்குள் என்னென்னவோ ஓடியது. கஷ்டம் ஏதாவதா, தன்னிடம் சொல்ல முடியாத கஷ்டமா, சுரண்டி விற்கிற அளவுக்கா? இருபத்தைந்து வருஷம் கூடவே படுத்து எழுந்த ஆளைப் பற்றி அரை மணி நேரத்தில் என்னவெல்லாம் நினைக்க முடியும் என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. புழுதி வந்து செருப்பைக் கழற்றினார். திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தார், அவள் மடியிலிருந்த காலிப் பெட்டியைப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியின் உட்பக்கம் ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்த மோதிரத்தைப் பிரித்து எடுத்தார்.

அந்த டப்பாவில் தினமும் சோறு போடுவது அவள், மூடுவது மட்டும் அவர். பையில் வைத்து வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுபோவதும் அவள்தான். தங்கத்தை உள்ளே கடத்தியவள் தானே என்று தெரிந்தபோது அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"என்னங்க இது?"

"உன் விரல் முட்டி பெருத்துப்போச்சு" என்றார் அவர். "மூணு வருஷமா மோதிரம் உள்ள போகல. நீ சொல்லல, நானும் கேக்கல. கடையில கொண்டுபோய்க் காமிச்சேன். வெட்டி, நடுவுல ஒரு துண்டு வச்சு ஒட்டணும்னாங்க. அதை வெட்ட எனக்கு மனசு வரல. உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா ராவினா பெரிசாயிடும்னு தோணுச்சு. வீட்டுல செஞ்சா நீ பாத்துடுவ."

மதியச் சாப்பாட்டு வேளையில் தாள் விரித்து, ஒரு பொட்டுப் பொடி கீழே விழாமல் ராவியதாகச் சொன்னார். பொடியெல்லாம் பொட்டலமாக மடித்து வைத்திருந்தார். அதையும் எடுத்துக் காட்டினார். அரத்தின் பல்லில் ஒட்டியதை எதனால் தட்டினீர்கள் என்று அவள் கேட்டாள். தூரிகையால் தட்டியிருக்கிறார். அரவைப் பாத்திரத்தைக் கூட்டுகிற அதே தூரிகை. சுத்தம் பார்க்கிற மனுஷன் சுத்தம் செய்வதாக நினைத்து எல்லாவற்றிலும் பூசி வைத்திருக்கிறார். தங்கை மூக்கு வெறுமையானது யாரால் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. முகம் தொங்கிப்போயிற்று.

உலைக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. அழ வேண்டும்போலவும் இருந்தது. முட்டி வலியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வயசாகிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே என்கிற வீம்பு. அதை இந்த மனுஷன் மூன்று வருஷமாகக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் எப்போதும் இருக்கும் கல்மாவு சொரசொரத்தது. அவர் மோதிரத்தை அவள் விரலில் போட்டுப் பார்த்தார், முட்டியைத் தாண்டி உள்ளே போயிற்று.

பிறகு அவர், தானே போய்த் தலைமை கெமிஸ்டிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், எல்லோர் முன்னாலும் வார்த்தையைக் கொட்டியது நான், எல்லோர் முன்னாலும் நானேதான் அதை அள்ள வேண்டும் என்றாள் அவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைமை கெமிஸ்ட் அறையில் அதே நாற்காலிகள், அதே ஆட்கள். உலை உட்காரவில்லை. மேசைமேல் பொட்டலத்தையும் மோதிரத்தையும் வைத்தாள். வாசலில் அனுமதி வாங்கித்தான் கொண்டுவந்தாள்.

"வெறுங்கல்லுல வந்த தங்கம் எங்க வீட்டுது சார். என் மோதிரம். இவர் எனக்காக ராவினாரு, நான்தான் தெரியாம உள்ள கொண்டுவந்தேன். தராசு ரூம் சுத்தமா இருக்குன்னு நானே சோதிச்சுப் பாத்துட்டேன். அவமேல நான் சொன்னது தப்பு. அன்னிக்குச் சொல்லும்போதே தப்புன்னு எனக்குத் தெரியும்."

கண்ணாடி மறுபடி கழன்றது. நீண்ட துடைப்பு. சிரிப்பை மறைக்கத்தான் துடைக்கிறார் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். தண்டனை சிரிப்பாக இல்லை. அந்தத் தொகுதிகள் அத்தனையையும் புழுதி முதலிலிருந்து உடைத்து அரைக்க வேண்டும், அரவை அறையைக் கூரை முதல் தரை வரை கழுவ வேண்டும், சுரங்கக்காரர்களுக்கு நடந்ததை அவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், இந்த வருஷப் பதவி உயர்வு கிடையாது. தராசு தன் நாற்காலிக்கே திரும்பிவிடலாம். அந்தத் தூரிகையை உடனே எரித்துவிடச் சொன்னார். எரித்தால் வருவது உங்கள் வீட்டுச் சொத்து என்றும் சேர்த்துக்கொண்டார்.

தராசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எழுந்தாள். அண்ணனின் தோளில் லேசாக ஒரு அடி வைத்தாள். உலையைத் தாண்டித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது, சொல் இன்னும் கிடைக்கவில்லை.

உலை தூரிகையை எரித்தாள். சாம்பலைத் தன் வழக்கப்படி ஈயப்பொடியோடு உருக்கி ஈயக் கட்டியாக எடுத்தாள். பொட்டலப் பொடியை ஈயத் தகட்டில் சுற்றி, இரண்டையும் ஒரே சாம்பல் கிண்ணத்தில் வைத்து ஏற்றினாள். ஈயம் போயிற்று, நகையில் கலந்திருந்த செம்பும் அதோடு போயிற்று. அவள் உலைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. மற்ற நாளில் கடுகைவிடச் சிறியதாக இருப்பது இன்றைக்கு மிளகு அளவில் மஞ்சளாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ஆறியதும் இடுக்கியால் எடுத்து, அடியில் ஒட்டிய சாம்பலைத் தேய்த்து, தராசு அறைக் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. உலை கையை நீட்டினாள்.

"மூக்குத்திக்கு" என்றாள். "உனக்கு."

தராசு மணியைப் பார்த்தாள். பழக்கம் விடுமா? வாங்கி நேராகத் தட்டில் வைத்தாள். கண்ணாடிக் கதவை இறக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். வாசற்படியில் நின்ற உலையும் அடக்கிக்கொண்டாள். மூக்கிலிருந்த நைலான் நரம்பின் முனை விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. முள் நிலைக்கு வந்தது. தராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைத் திருப்பவில்லை.

"மூக்குத்திக்கு இது தாராளம் அண்ணி" என்றாள் மெதுவாக. "ஆனா உங்க மோதிரத்துல இவ்வளவு குறைஞ்சுபோச்சே."

உலைக்குக் கண் நிறைந்துவிட்டது. உலை முன்னால் நின்று நின்று கண் காய்ந்துவிட்டது என்றுதான் அவள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குறைஞ்சதுனாலதாம்மா போட முடியுது" என்றாள்.

முட்டி பெருத்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த மூசையை எடுக்க உலைப் பக்கம் நடந்தாள்.